சுருக்குன்னு ஒண்ணு

முள் ஏறினால் சுருக். ஊசி குத்தினால் சுருக். எறும்பு கடித்தாலும் எங்கள் பக்கம் அதே சொல்தான். குத்துகிறபோது சதை தானாக உள்ளே சுருங்கும். அதிலிருந்து வந்த சொல்லாக இருக்கும். நான் அஞ்சாவது வரைக்கும்தான், படித்தவர்கள் வேறு சொல்லலாம். குத்தினதும் போய்விடும், அதனால் சுருக்கை யாரும் வலி என்று மதிப்பதில்லை. நானும் மதிக்கவில்லை.

பொள்ளாச்சிக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். போன மாசியில், பொழுது சாய்கிற நேரம். என் சம்சாரம் மாட்டுக்குப் போட, அடுக்கி வைத்த போரிலிருந்து சோளத்தட்டு உருவிக்கொண்டிருந்தாள். நான் பால் கறந்துகொண்டிருந்தேன். கையை உதறிக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, வெரல்ல சுருக்குனுச்சுங்க."

பார்த்தேன். ஒரு பொட்டு ரத்தம். தட்டுச் சிலாம்பு ஏறியிருக்கும் என்றேன்.

மோட்டார் போட வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர், எதற்கும் வேப்பிலை மெல்லட்டும் என்றார். விஷம் ஏறியிருந்தால் வேப்பிலை கசக்காது என்பார்கள். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் பார்ப்போம். ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தேன். மென்றாள்.

"கசக்குதா?"

"கசக்குதுங்க."

"பொறகென்ன. இனிக் கொசு கடிச்சாலும் ரெண்டு பேரும் வேப்பமரத்தடிக்கு ஓடுங்க" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் மறுபடியும் தட்டு உருவப் போனாள்.

அரை மணி நேரம் இருக்கும். விரல் வீங்கி மோதிரம் இறுகிவிட்டது. தூக்கம் தூக்கமாக வருகிறது என்றாள். அந்த நேரத்தில் தூங்குகிற ஆள் இல்லை அவள். முகத்தை நிமிர்த்திப் பார்த்தேன். இமை ரெண்டும் பாதி இறங்கியிருந்தது. கண்ணைத் திற என்றேன். திறக்க முடியவில்லை.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் காரில்தான் ஏற்றினோம். வழியில் நாக்குக் குழறியது. அப்போதுதான் சொன்னாள்.

"கசக்கலீங்க. பால் வண்டி வந்துருமேன்னு கசக்குதுன்னு சொல்லிப்போட்டேன்."

கார் ஓட்டியவர் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் மிதித்தார்.

எப்போது கடித்தது என்று டாக்டர் கேட்டார். கடித்ததா தெரியாதுங்க, சுருக்குன்னுச்சாம் என்றேன். பாம்பைப் பார்த்தீர்களா என்றார். இல்லை. வேப்பிலை மென்ற கதையையும் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. அது அவள் விட்ட மூச்சு இல்லை, மெஷின் விட்டது.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். பேச்சு வரவில்லை. அன்னிக்குக் கடிச்சப்ப எப்படி இருந்துச்சு புள்ள என்று கேட்டேன். என் கையை எடுத்தாள். உள்ளங்கையில் நகத்தால் ஒரு குத்துக் குத்தினாள்.

அவ்வளவு லேசு, கையை இழுக்கக்கூடத் தோன்றவில்லை.