நங்கூரம் அம்மா

எந்த அறையானாலும் நங்கூரம் அம்மா வாசலில் ஒரு கணம் நின்று, மூக்கை லேசாகத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலை வைக்கிறார். தன் அலுவலகம், நீதிமன்றம், தங்கை வீட்டுச் சமையலறை, எல்லாம் ஒன்றுதான். “கெட்ட காத்துக்கு வாசனையே கெடையாது. மோந்து பாத்தா தெரியாதுன்னு எனக்கும் தெரியும். மூக்குதான் கேக்க மாட்டேங்குது” என்று என்னிடம் சொல்லிச் சிரிக்கிறார். லிஃப்டில் ஏறுவதில்லை. மூச்சிரைக்கப் படியேறி வந்ததும் முதல் வேலையாக எல்லா ஜன்னல்களையும் திறக்கிறார். மழை நாளில் வரும் கட்சிக்காரர்கள் மடியில் குடையை விரித்து வைத்துக்கொண்டுதான் வழக்கைச் சொல்ல வேண்டும்.

வக்கீல். கப்பலிலும் படகிலும் அடிபட்டவர்களின் வழக்குகளைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. நீதிமன்ற உத்தரவு வாங்கிக் கப்பலைத் துறைமுகத்திலேயே கட்டிப்போட்டுவிடுவார் என்பதால் அங்கே அவருக்கு நங்கூரம் அம்மா என்று பெயர். “கப்பல் கெளம்பிட்டா சாட்சியும் கெளம்பிடும். அப்புறம் எந்தக் கடல்ல போய்த் தேடறது?” என்பார். குட்டை உருவம், தடித்த கண்ணாடி. கறுப்புக் கோட்டை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு கப்பலின் கயிற்றேணியில் அவர் ஏறும்போது, மேலே நிற்கும் அதிகாரிகளின் முகம் வாடிப்போகும்.

ஆஸ்பத்திரியில் அவர் யாருக்கும் ஆறுதல் சொல்வதில்லை. கட்டிலருகே போனதும் கேட்கும் முதல் கேள்வி, “கையெழுத்துப் போட்டியா?” என்பதுதான். “கம்பெனி ஆளு பழம் வாங்கிட்டு வருவான். பழத்தைத் தின்னு. காகிதத்தைத் தொடாதே. கையே போயிருந்தாலும் கால் ரேகை கேப்பானுங்க.” அடிபட்டவன் வலியோடு சிரித்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். “இதைக் கேட்டுக்க தம்பி. கப்பல் வேலையில அடிபட்டா, கொணமாகற வரைக்கும் வைத்தியம் பாக்கறது அவன் பொறுப்பு. தப்பு உன் மேலயே இருந்தாலும் சரி. அது அவன் போடற பிச்சை இல்ல.”

அவருடைய மூக்கு கெட்டுப்போனது நெட்டை என்பவரின் வழக்கில்.

பழைய இரும்பு ஏற்றிவந்த ஒரு கப்பல். மூடிய சரக்கறையில் இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றில் உள்ள உயிரையெல்லாம் உறிஞ்சிவிடும். உள்ளே இறங்குகிறவன் கத்தக்கூட மாட்டான், தூங்குவதுபோலச் சாய்வான். விசில் என்று எல்லோரும் கூப்பிட்ட தொழிலாளி முதலில் இறங்கினார், விழுந்தார். அவரைத் தூக்க நெட்டை பின்னாலேயே இறங்கினார். இரண்டு பேரையும் மேலே இழுத்துப் போட்டபோது நெட்டைக்கு மட்டும்தான் மூச்சு இருந்தது.

அவர் கண் விழித்ததும் மனைவியைப் பார்த்து, “நீ நெட்டையோட சம்சாரம்தானே? அவன் எங்கம்மா?” என்று கேட்டார்.

குரல் விசிலின் குரல். அதே இழுவை, வாக்கிய முடிவில் அதே சின்னச் செருமல். நெட்டையின் மனைவி வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். “என் வீட்டுக்காரருக்கு விசிலே அடிக்க வராது மேடம். பல்லுல சந்து, காத்துதான் வரும். இப்ப ஆஸ்பத்திரி முழுக்கக் கேக்கற மாதிரி அடிக்கறாரு.” மூளைக்குக் காற்றுப் போகாததால் வந்த குழப்பம் என்றார் மருத்துவர். சில நேரம் நெட்டையாகவே பேசுவார். அப்போது அந்த நாள் எதுவும் நினைவில் இருக்காது.

கம்பெனிக்கு அது வசதியாகப் போயிற்று. யாரும் இறங்கச் சொல்லவில்லை, இரண்டு பேரும் தாமாகவே போனார்கள் என்றது. வைத்தியத்தோடு சரி, நஷ்டஈடு கிடையாது என்று கைவிரித்தது. அன்று கூட இருந்திருக்கக்கூடிய ஒரே ஆள் சாரங்கு. கப்பல் தொழிலாளிகளுக்குத் தலைவர் அவர்தான். “நான் அந்தப் பக்கமே போகல” என்று அவர் வாக்குமூலம் கொடுத்துவிட்டார்.

நங்கூரம் அம்மா கப்பலை நிறுத்தினார். நீதிமன்றம் அனுப்பிய ஆணையர் இடத்தைப் பார்வையிட வந்தபோது, நெட்டையையும் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். கம்பெனி வக்கீல், கேப்டன், சாரங்கு எல்லோரும் மேல்தளத்தில் நின்றார்கள். உள்ளே காற்றடித்துக்கொண்டிருந்த பெரிய விசிறியை, பேச்சுக் கேட்கவில்லை என்று ஆணையர் நிறுத்தச் சொன்னார். பட்டப்பகல். துறைமுகத்தின் எதிர் மேடையில் ஒரு பாரந்தூக்கி வேலை செய்துகொண்டிருந்தது. ஆனாலும் சரக்கறைக்குள் இறங்கும் அந்தச் சதுர ஓட்டையைச் சுற்றி மட்டும் சத்தமே இல்லை என்கிறார்.

நெட்டை ஓட்டையின் விளிம்புக்கு நடந்து போனார். ஒரு விசில் அடித்தார். ஏணியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“சாரங்கண்ணே, காத்து பாத்தாச்சா?”

“பாத்தாச்சுடா, எறங்கு” என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

தன் வாய்தான் பேசியது என்பதே சாரங்குக்குச் சற்றுப் பிறகுதான் தெரிந்திருக்கிறது. முகம் வெளுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “செத்தவன் கேட்டா பதில் சொல்லாம எப்படிய்யா இருக்கறது?” என்று புலம்பினார். கம்பெனி வக்கீல் தலையில் மாட்டியிருந்த பாதுகாப்புத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஜெயிச்சதெல்லாம் எனக்கு அப்புறம்தான் ஒறைச்சது” என்கிறார் நங்கூரம் அம்மா. “ஒரு கால் ஏணியில போயிடுச்சு. பாய்ஞ்சு சட்டையைப் பிடிச்சேன். திரும்பி என்னைப் பாத்து, ‘விடுங்கம்மா, சாரங்கண்ணனே சொல்லிட்டாரில்ல’ன்னான். அந்த ஓட்டையிலேருந்து மூஞ்சியில ஒரு குளிர் அடிச்சது பாருங்க. அதுலேருந்துதான் இந்த மூக்கு இப்படி.”

சாரங்கு உண்மையைச் சொன்னார். கம்பெனி பணிந்தது. விசிலின் மனைவிக்கு நஷ்டஈடு, நெட்டைக்கு நஷ்டஈட்டோடு முழுதாகக் குணமாகும்வரை நல்ல மருத்துவர்களிடம் வைத்தியம். பேப்பரில் ஒரு மூலையில் செய்தி வந்தது.

அதோடு முடியவில்லை. விசிலின் மனைவி வாரம் ஒருமுறை நெட்டை வீட்டுக்கு வர ஆரம்பித்தார். எதிரே உட்கார்ந்து காத்திருப்பார். அந்தக் குரல் வந்தால் அது பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயா என்று கேட்கும். சட்டைப் பொத்தானைத் தைக்கச் சொல்லும். அவரும் பதில் சொல்வார். அந்த நேரத்தில் நெட்டையின் மனைவி பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுவாராம். “அங்க நின்னா நான்தான் வேத்தாளா நடுவுல ஒட்டிக்கிட்டிருக்கற மாதிரி இருக்கு மேடம்” என்று சொல்லியிருக்கிறார்.

“கப்பல்ல ஒரே அறையில படுத்தவங்க. விசில் வீட்டுக்குப் போன்ல பேசறதை நெட்டை கேட்டிருப்பான். வேற என்ன?” என்றார் நங்கூரம் அம்மா. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இல்லாத தூசியைத் துடைத்தார்.

நான் அவர் அலுவலகத்துக்குப் போயிருந்த அன்று மூவருமே வந்தார்கள். நெட்டையின் மனைவிக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். “நேத்து முழுக்க அவர் அவராவே இருந்தாரு மேடம். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு. இந்தப் புது டாக்டர் கை ராசி! இன்னும் கொஞ்ச நாள்ல சரியாயிடும்னாரு.” சொல்லிவிட்டு, முன்னறையில் உட்கார்ந்திருந்த கணவரிடம் ஓடினார்.

விசிலின் மனைவி மட்டும் எழுந்திருக்கவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

“போன வாரம் சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். ஒரே ஒரு தடவைதான் பேசினாரு. அதுவும் எங்கியோ தூரத்துலேருந்து பேசற மாதிரி இருந்துச்சு.” நிமிர்ந்து பார்த்தார். “மேடம், நெட்டை அண்ணனுக்கு முழுசாக் கொணமாகியே ஆகணுமா?”

முன்னறையில் நெட்டை தன் சொந்தக் குரலில் மனைவியிடம் தண்ணீர் கேட்டது எங்களுக்குக் கேட்டது. நங்கூரம் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எழுந்து போய், அந்தப் பக்கம் கேட்காதபடி, கதவை மெதுவாகச் சாத்தினார்.