தார் வைக்காத ஓட்டை

ஆய்வகத்துக்கு வெளியே சாலை போடும் தாரின் வாசம் இன்று ஜன்னல் வழியாக வந்ததும், தொலைநோக்கி அனுப்பிய படங்களை அப்படியே விட்டுவிட்டு, வால்பாறை எஸ்டேட்டில் இருந்த எங்கள் லைன் வீட்டுக்கு நினைவில் போய்விட்டேன்.

சிறுத்தைக்குப் பயந்து பொழுது சாய்ந்ததும் கதவடைத்துவிடும் அந்த லைனில், நான் வானத்தைப் பார்த்ததெல்லாம் தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாகத்தான். மழைக்கு முன்னால் அப்பா தாரை உருக்கி ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருவார். அன்னூரிலிருந்து கொழுந்து பறிக்க மலையேறிய அம்மா, என் பாய்க்கு நேர்மேலே இருந்ததை மட்டும் காட்டி, "ஏனுங்க, அத உட்டுருங்க. புள்ள நச்சத்திரம் பாக்கறா" என்பாள். அதில் ஒரு நட்சத்திரம் வந்து, மெல்ல நகர்ந்து மறையும். அது எங்கே போகிறது என்று யோசித்துத்தான் இந்த வேலைக்கே வந்து சேர்ந்தேன். மழைக்காலம் முழுக்க, அந்த ஓட்டையின் கீழே ஒழுகும் தண்ணீருக்கு ஒரு போசியை வைத்து, என்னைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, அந்த ஈரத்தில் அம்மா படுத்துக்கொள்வாள்.

எஸ்டேட்டை மூடி லைனை இடித்துவிட்டார்கள். அம்மாவும் போய்விட்டாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இங்கே தொலைநோக்கிக்காகக் கூரையே இரண்டாகத் திறக்கும் என்று நான் போனில் பெருமையாகச் சொன்னபோது, அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப மழ வந்தா நீ எங்க படுப்பே, கண்ணு?"