நாங்கள் ‘அப்பளம் போட்டா’ என்று பாடிய ஸ்பானிஷ் பாட்டு

குளோரின் நெடி மூக்கில் ஏற, ஈரத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காதுக்குள் புகுந்த தண்ணீரை உள்ளங்கையால் தட்டித் தட்டி வெளியேற்றிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ட்ரம்பெட்டை முதன்முதலாகக் கேட்டேன். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், எடிசனில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால் இருந்த நீச்சல்குளத்தில், காவலுக்கு உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் தன் நாற்காலிக்கு அடியில் வைத்திருந்த ரேடியோவிலிருந்து அது வந்தது. முதலில் ட்ரம்பெட், அதன் பிறகு மூன்று கைத்தட்டல், அதன் பிறகு சிரித்துக்கொண்டே பாடுவது போன்ற ஓர் ஆண்குரல், ஸ்பானிஷில். காதிலிருந்து தண்ணீர் வெளியேறியதோ இல்லையோ, பாட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு அப்போது பதினொரு வயது.

அந்தக் கோடை முழுக்க அந்தப் பாட்டிடமிருந்து யாரும் தப்ப முடியவில்லை. பெட்ரோல் போட நின்றால் அங்கே ஒலித்தது. பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னபோது கூரையிலிருந்த ஸ்பீக்கரில் ஒலித்தது. ஓக் ட்ரீ ரோட்டில் மளிகைக் கடைக்காரர் சாமிப் பாட்டு கேசட்டை நிறுத்திவிட்டு அதைப் போட்டார். எங்கள் எதிர்வீட்டு வெள்ளைக்காரத் தாத்தாகூடப் புல்வெட்டும் இயந்திரத்தைப் பிடித்தபடி இடுப்பை லேசாக ஆட்டியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் என்ன பாடுகிறான் என்று எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கும் தெரியாது. பல்லவி ‘அப்ரே லா புவெர்த்தா’ என்று தொடங்கும். அபார்ட்மென்ட்டில் இருந்த தமிழ்ப் பெண் குழந்தைகள் ஆறு பேருக்கும் அது ‘அப்பளம் போட்டா’ என்றுதான் கேட்டது. அடுத்த வரியை நாங்களே போட்டுக்கொண்டோம்: ‘எண்ணெய் பத்தல’. வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லிப் பெற்றோரை நோகடித்துக்கொண்டிருந்த நாங்கள், விரும்பி, சேர்ந்து, வாய்விட்டுத் தமிழில் பாடிய முதல் பாட்டு அந்த ஸ்பானிஷ் பாட்டுதான்.

ஒரு நாள் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அதை முணுமுணுத்தாள். அவள் வாயில் வார்த்தைகள் வேறு மாதிரி இருந்தன. “அம்மா, தப்பா பாடற. அது அப்பளம் போட்டா,” என்று திருத்தினேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அம்மா வேலைக்குப் போகத் தொடங்கி அப்போது ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சென்னையில் எம்எஸ்ஸி கெமிஸ்ட்ரி முடித்தவள். அப்பாவின் விசாவில் வந்ததால் ஏழு வருஷம் வேலை பார்க்க அனுமதியில்லாமல் வீட்டில் இருந்தாள். கிரீன் கார்டு வந்த மாதமே விண்ணப்பங்கள் போட ஆரம்பித்தாள். இங்கே படித்த படிப்பு இல்லை, இங்கே பார்த்த அனுபவம் இல்லை, இடையில் ஏழு வருஷம் காலி. கடைசியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கம் ஒரு வைட்டமின் மாத்திரைத் தொழிற்சாலையில் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை கிடைத்தது. காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட். அப்பா நண்பர்களிடம் “ஃபார்மால இருக்கா, லேப் சைடு” என்று சொல்லிவைத்தார். அம்மா மறுக்கவில்லை. தொழிற்சாலையில் எல்லோருக்கும் வெள்ளைக் கோட்டும் தலைக்கு வலைத் தொப்பியும் கொடுப்பார்கள். அந்தக் கோட்டை அம்மா துவைத்து பால்கனியில் காயப்போடும்போது பார்த்த என் தோழிகளிடம், அம்மா ஒரு ‘சயின்டிஸ்ட்’ என்று நான் சொல்லியிருந்தேன். அது பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

எங்கள் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒவ்வோர் ஆண்டும் ஒரு பள்ளி அரங்கத்தை வாடகைக்கு எடுத்து தீபாவளி விழா நடத்துவார்கள். அந்த வருஷம் நாங்கள் ஆறு பேரும் இந்தப் பாட்டுக்குத்தான் ஆடுவோம் என்று அடம்பிடித்து, குளத்தங்கரையிலும் கார் நிறுத்துமிடத்திலும் ஐந்து வாரம் பயிற்சி செய்தோம். விழாவை முன்னின்று நடத்துபவர் ராமநாதன் அங்கிள். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் அல்ல. குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்க ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்தவர். நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதைப் பேசி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டு ஹாலில் பெரியவர்கள் பத்துப் பேர் கூடினார்கள். நாங்கள் ஆறு பேரும் படுக்கையறைக் கதவை விரலளவு திறந்து வைத்துக்கொண்டு அதன் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம்.

“குத்தம் சொல்றேன்னு நினைக்காதீங்க,” என்றார் ராமநாதன் அங்கிள். “ட்யூன் நல்லாத்தான் இருக்கு. ஆனா அவன் என்ன பாடறான்னு நம்மள்ல ஒருத்தருக்காவது தெரியுமா? நாளைக்கு யாராவது அது அசிங்கமான பாட்டுன்னு சொல்லிட்டா, ஸ்டேஜ்ல நிக்கப்போறது நம்ம பொண்ணுங்க.”

நியாயமான கேள்விதான். கதவுக்குப் பின்னால் எங்கள் ஆறு பேரில் ஒருத்தியான ப்ரியா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். ஐந்து வாரமும் வீணாகப் போகிறதென்று அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது.

காபித் தட்டோடு வந்த அம்மா அதை மேஜையில் வைத்துவிட்டு, “அது அசிங்கமான பாட்டு இல்ல சார். நான் சொல்லட்டுமா?” என்றாள்.

பிறகு நின்றபடியே வரிவரியாகச் சொன்னாள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன ஒருத்தன் பல வருஷம் கழித்து ஊர் திரும்புகிறான். அவன் வந்த சத்தம் கேட்டுத் தெருவே மேளத்தோடு கூடிவிட்டது. அவன் மனைவி மட்டும் கதவைத் திறக்கவில்லை. இத்தனை நாள் ஒரு கடிதம் போட்டாயா என்று உள்ளிருந்தே கேட்கிறாள். ‘அப்ரே லா புவெர்த்தா’ என்றால் கதவைத் திற. அவன் வாசலில் நின்று ஆடி ஆடிக் கெஞ்சுகிறான். அவ்வளவுதான் பாட்டு. “மூணாவது சரணத்துல மட்டும் இடுப்பைப் பத்தி ரெண்டு வரி வரும்,” என்றாள் அம்மா. “நம்ம சினிமாப் பாட்டுல வர்றதுல பாதிகூட இல்ல.”

யாரோ சிரித்தார்கள். ராமநாதன் அங்கிள் ஆச்சரியத்தோடு, “நீங்க ஸ்பானிஷ் படிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார்.

“அது... அவ லேப்ல,” என்று அப்பா தொடங்கினார்.

“லேப் இல்ல சார்,” என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. “நான் பாக்கிங் லைன்ல நிக்கறேன். மாத்திரை பாட்டில் வரிசையா வரும். மூடி சரியா இருக்கான்னு பாத்து டப்பால அடுக்கணும். எனக்கு ரெண்டு பக்கமும் ஸ்பானிஷ் பேசறவங்கதான். ஒரு வருஷமா தினம் எட்டு மணி நேரம் அவங்களோட நிக்கறேன். பேச்சு வராம போயிடுமா? இந்தப் பாட்டு அங்க ரேடியோல மணிக்கு ஒரு தடவை வரும். ரோசான்னு என் பக்கத்துல நிக்கறவதான் அர்த்தம் சொன்னா.”

அப்பா தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் ஐந்து தலைகள் என் பக்கம் திரும்பின. என் காது மடல்கள் கொதித்தன. “யூ செட் ஷீ வாஸ் எ சயின்டிஸ்ட்,” என்று ப்ரியா கிசுகிசுத்தாள். ஒரு நொடி எனக்கு அந்த அறையிலிருந்தே மறைந்துபோக வேண்டும் போலிருந்தது. ஆனால் கதவிடுக்கு வழியே அம்மா தெரிந்தாள். பத்துப் பேர் நடுவில் நிமிர்ந்து நின்றிருந்தாள். அங்கே வேறு யாருக்கும் தெரியாத ஒன்றைத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். “ஷீ ஸ்பீக்ஸ் ஸ்பானிஷ். டஸ் யுவர் மாம்?” என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

ராமநாதன் அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “மூணாவது சரணத்தை வெட்டிடலாம். ஆனா ஒரு கண்டிஷன். ஆட்டத்துக்கு முன்னாடி நீங்க மைக்ல வந்து இப்ப சொன்ன மாதிரியே அர்த்தம் சொல்லணும்,” என்றார்.

எல்லோரும் போன பிறகு அப்பா டம்ளர்களை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவ ஆரம்பித்தார். கடைசி டம்ளரைக் கழுவும்போது, “நான்தான் முதல்லயே உள்ளதைச் சொல்லியிருக்கணும்,” என்றார். அம்மா மேஜையைத் துடைத்தபடி, “அதான் இப்ப சொல்லியாச்சே. அந்த ஃபில்டரையும் கழுவிடுங்க,” என்றாள். எங்கள் வீட்டில் அதைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான்.

விழாவுக்கு அம்மா தன் லைனிலிருந்து ரோசாவையும் இன்னும் இரண்டு பேரையும் அழைத்திருந்தாள். ரோசா குள்ளமாக, அகலமாக, ஊதா நிறத்தில் பளபளவென்று ஒரு உடுப்பில் வந்தாள். அரங்கத்துக்கு வெளியே வராந்தாவில் நாங்கள் கடைசியாக ஒருமுறை பாடிப் பார்த்ததைக் கேட்டு, இது என்ன வார்த்தை என்று அம்மாவிடம் விசாரித்தாள். அம்மா கையை வட்டமாக வைத்து, எண்ணெயில் போடுவதுபோல் செய்து, அது எப்படிப் பொரிந்து எழும் என்பதை நடித்துக் காட்டினாள். ரோசா சுவரைப் பிடித்துக்கொண்டு, கண் மை கரையும் வரை சிரித்தாள். பிறகு எங்களை வரிசையாக நிறுத்திச் சரியான வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தாள். அவளும் அம்மாவும் சொல்லும்போது அந்த ‘ர்’ நாக்கில் உருண்டது; அமெரிக்காவில் வளர்ந்த எங்கள் நாக்கில் வழுக்கி விழுந்தது.

அம்மா அரக்குப் பட்டுப்புடவையில் மேடையேறினாள். பாட்டின் கதையைத் தமிழில் சொன்னாள். பிறகு எங்களைப் போன்ற பிள்ளைகளுக்காக இங்கிலீஷில் சொன்னாள். கடைசியில் ரோசா உட்கார்ந்திருந்த மூன்றாவது வரிசையைப் பார்த்துத் திரும்பி ஸ்பானிஷில் நாலு வாக்கியம் பேசினாள். என்ன சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. ரோசா இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசிலில் முன்வரிசைக் குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது.

ஆட்டத்தில் நான் இரண்டு இடத்தில் கால் மாற்றி வைத்தேன். அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஏனென்றால் முதல் பல்லவி முடிவதற்குள் அரங்கமே அந்த மூன்று கைத்தட்டலைச் சேர்ந்து தட்ட ஆரம்பித்திருந்தது. ஊரில் யாரையாவது விட்டுவிட்டு வந்தவர்கள்தான் அங்கே எல்லோரும். கதை தெரிந்த பிறகு அந்தப் பாட்டு அவர்களுக்கு வேறாகக் கேட்டிருக்க வேண்டும். சில முகங்களில் அது தெரிந்தது. இரண்டாவது பல்லவியில் ரோசா நடைபாதைக்கு வந்து ஆடினாள். ஆடிக்கொண்டே மேடைப் படியோரம் நின்ற அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பட்டுப்புடவையில், அத்தனை பேர் முன்னிலையில் ஆடினாள். நன்றாகவே ஆடினாள். தொழிற்சாலை இடைவேளைகளில் பழகியிருக்கிறாள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. அப்பா எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் ராமநாதன் அங்கிள் மைக்கைப் பிடித்து, “மூணாவது சரணத்தையும் விட்டிருக்கலாம் போலிருக்கு,” என்றார். கூட்டம் ‘ஒன்ஸ் மோர்’ கேட்டது. இன்னொரு முறை ஆடினோம், முழுப் பாட்டுக்கும்.

எல்லாமே பாராட்டாக இருக்கவில்லை. கழிப்பறையில் கை கழுவும்போது, “எம்எஸ்ஸி படிச்சிட்டு பாக்கிங்கா, பாவம்” என்று ஒரு ஆன்ட்டி இன்னொரு ஆன்ட்டியிடம் சொன்னதை நான் கேட்டேன். அம்மாவிடம் வந்து சொன்னபோது, “பாவம்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும், நாளைக்குக் காலைல அவங்களா எழுந்து போகப்போறாங்க?” என்றாள். அதற்கடுத்த வாரம் மாலதி ஆன்ட்டி போன் செய்தார். அவரும் பட்டதாரி, அவரும் வீட்டிலேயே இருந்தவர். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில், “உங்க எடத்துல வேகன்சி இருக்கா கௌரி?” என்று கேட்டார். அடுத்த கோடைக்குள் அந்த லைனில் மூன்று தமிழ்ப் பெண்கள் நின்றார்கள். சில ஆண்டுகளில் அம்மா அந்த ஷிஃப்ட்டுக்கே பொறுப்பாளரானாள். லேப் வேலை அவளுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. அதில் அவளுக்கு வருத்தம் உண்டு. அதை நான் மறைத்து எழுத மாட்டேன்.

இப்போது நான் கலிஃபோர்னியாவில், பிளசன்டனில் இருக்கிறேன். அந்தப் பாட்டை ‘பழைய ஹிட்’ வரிசையில் எப்போதாவது போடுகிறார்கள். என் அலுவலகத்து இளைஞர்களுக்கு அது தெரிவதில்லை. எங்கள் ஆட்டத்தைப் படம்பிடித்த வீடியோ கேசட் எந்த வீடு மாறியபோது தொலைந்ததோ தெரியாது. ரோசா சொந்த ஊருக்கே திரும்பிப் போய்விட்டாள். சென்ற கோடையில் ஜெர்சி போயிருந்தபோது அம்மாவை அந்தத் தொழிற்சாலை இருந்த சாலை வழியாக அழைத்துப்போனேன். கட்டிடத்தை இடித்துவிட்டு, வாடகைக்குச் சாமான் போட்டுவைக்கும் கிடங்கு கட்டியிருந்தார்கள், வரிசையாக ஆரஞ்சு நிறக் கதவுகள். காரை ஓரமாக நிறுத்தினேன். அம்மா இறங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தபடி, லைன் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை யார் யார் நின்றார்கள் என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள்: யோலாண்டா, மிரியம், ரோசா. ரோசாவை அடுத்து, “லா கீமிகா,” என்றாள்.

“அது யாரும்மா?” என்று கேட்டேன்.

“நான்தான். கௌரின்னு சொல்ல வராது அவங்களுக்கு. நான் என்ன படிச்சேன்னு ரோசா முதல் நாளே கேட்டுட்டா. அன்னிலேர்ந்து அந்த லைன்ல எனக்கு அதுதான் பேரு,” என்றாள் அம்மா. “கெமிஸ்ட்னு அர்த்தம்.”