பாரிட் ஜாவாவில் ஒரு வீட்டுப் பள்ளிக்கூடம்

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கப்பல் மூவார் ஆற்றுக்குள் நுழைந்தது. முந்தின நாள் மாலை சிங்கப்பூரில் ஏறியிருந்தேன். மேல்தட்டு டிக்கெட் ஒன்றரை வெள்ளி. அந்தக் காசுக்கு ஒரு பாய் விரிக்க இடமும், இரண்டு பக்கமும் கோழிக் கூண்டுகளும் கிடைத்தன. கப்பல் ஏறினால் என் வயிறு என் பேச்சைக் கேட்பதில்லை. ஆகையால் கடற்காட்சிகளை வர்ணிக்க என்னால் இயலாது. கண்ணைத் திறந்தபோது பால் குறைந்த கோப்பி நிறத்தில் ஆறும், சுங்கச் சாவடியும், அதற்குப் பின்னால் வரிசையாகக் கடைவீடுகளும் தெரிந்தன.

துறைக்கு எதிரே காயல்பட்டணத்துக்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. ரொட்டியும் கோப்பியும் பத்துக் காசு. கல்லாவில் இருந்தவர் நான் போகும் இடத்தை விசாரித்தார். பாரிட் ஜாவாவில் ரோட்டு ஓவர்சியர் ஏசுதாசன் வீட்டுக்கு என்றேன்.

"அவரா? பெரிய சந்தேகக்காரராச்சே தம்பி. நம்ம கடைக்கு வந்தா நாற்காலிய ஆட்டிப் பார்த்துட்டுத்தான் உக்காருவாரு" என்றார்.

ஏசுதாசனும் நானும் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரே கிடங்கில் வேலை பார்த்தவர்கள். பிறகு அவர் ஜொகூர் பக்கம் வந்து சாலை வேலையில் சேர்ந்தார். அவரும் அவர் மனைவி கிரேஸும் தங்கள் இரண்டு பெண்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறார்கள் என்றும், வாரம் ஒருநாள் பாடத்துக்காக எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்றும் கேள்விப்பட்டுத்தான் புறப்பட்டேன். கெட்டிக்காரக் குழந்தைகளைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூவாரிலிருந்து பாரிட் ஜாவா ஒன்பது மைல், பஸ்ஸுக்கு இருபத்தைந்து காசு. சாலையின் இருபுறமும் ஜாவாக்காரர்களின் கம்பங்கள், அதாவது கிராமங்கள். வாசல்தோறும் பாக்கைப் பிளந்து வெயிலில் காயப்போட்டிருக்கிறார்கள். அந்த நாற்றம் ஒன்பது மைலும் நம்மோடு வருகிறது. கடலுக்குத் தண்ணீரை வடிக்க வெட்டிய பாரிட் என்னும் வாய்க்கால்கள் அடிக்கடி குறுக்கிடுகின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பலகைப் பாலம். பாலம் வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைப்பார், பலகைகள் கடகடக்கும், எனக்குக் கப்பல் நினைவு வரும்.

ஓவர்சியர் வீடு ஒரு பாலத்தை ஒட்டி, ஆளுயரக் கால்களின் மேல் நிற்கும் அரசாங்கப் பலகை வீடு. அந்தக் கால்களுக்கு நடுவே உள்ள நிழல்தான் பள்ளிக்கூடம். கறுப்புச் சாயம் பூசிய ஒரு பழைய கதவு, இரண்டு சோப்புப் பெட்டிகள், ஒரு பெஞ்சு. பெரியவள் சலோமிக்குப் பதினொரு வயது, சின்னவள் ரூத்துக்கு ஏழு. பக்கத்தில் மலாய்ப் பள்ளியும் சீனப் பள்ளியும் உண்டு. தமிழ்ப் பள்ளி என்றால் ஆறு மைல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில்தான். அங்கே மூன்றாம் வகுப்போடு சரி, அதுவும் பாடம் சொல்லித்தரும் தோட்டத்துக் கணக்கரான கிராணிக்கு ஓய்வு கிடைக்கும்போது. நாகர்கோவில் பக்கத்து மிஷன் பள்ளியில் ஏழாவது வரை படித்த கிரேஸ் அம்மாள், அந்தத் தோட்டத்தை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து, தானே கதவுக்குக் கறுப்புச் சாயம் பூசினாராம்.

மத்தியானச் சாப்பாட்டின்போது குழந்தைகளை மகிழ்விக்க எண்ணி, காஹாங் காட்டுப் பாதையில் யானைகள் சாலையை மறித்துக்கொண்டு நிற்கும் கதையைக் கொஞ்சம் கைகால் வைத்துச் சொன்னேன். சலோமி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"பார்த்தீங்களா மாமா?"

"ஒருத்தர் சொன்னார்."

"அப்ப கேள்விப்பட்டீங்க" என்று சொல்லிவிட்டு அவள் சாப்பிடத் தொடங்கினாள். குரலில் குறும்பு எதுவும் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாடம் ஆரம்பமாயிற்று. ஜொகூரில் அரசாங்க விடுமுறை வெள்ளிக்கிழமை. ஓவர்சியருக்கு ஓய்வு அன்றுதான், ஆகவே குடும்பம் வெளியே போவதும் அன்றுதான். ஞாயிறு ஜெபத்துக்கு. மற்ற ஐந்து நாளும் படிப்பு. அந்த வாரம் எதைப் படித்தார்களோ அதை வெள்ளிக்கிழமை நேரில் பார்க்க வேண்டும். எடைக் கணக்குப் படித்தால் பாக்கு வியாபாரியின் தராசைப் பார்க்கப் போவார்கள். அலையேற்றம் படித்தால் மூவார்த் துறை. அன்னாசியைப் பற்றிப் படித்த வாரம் விடியற்காலையில் பஸ் ஏறி, பெக்கான் நானாஸ் வரை போய், அது மரத்தில் காய்க்காமல் தரையில் முள்ளிலைக்கு நடுவே நிற்பதைப் பார்த்துவிட்டு இருட்டிய பிறகு திரும்பினார்களாம். நானாக இருந்தால் கடையில் ஒரு பழம் வாங்கிக் காட்டியிருப்பேன்.

பதில் சொல்வதில் இந்த வீட்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கண்ணால் கண்டது என்றால் பதிலோடு "பார்த்தேன்" என்று சேர்க்க வேண்டும். புத்தகத்திலோ பிறர் வாயிலோ வந்தது என்றால் "கேள்விப்பட்டேன்" என்று சேர்க்க வேண்டும். கோழிக்குஞ்சு இருபத்தொரு நாளில் பொரியும் என்றாள் ரூத். "பார்த்தேன்." பூமி உருண்டை என்றாள். "கேள்விப்பட்டேன்." இரண்டையும் ஒரே மாதிரியாக, வெட்கமில்லாமல் சொன்னாள். பதினொரு மணிக்குள் எனக்கே அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டு, வாயைத் திறக்கவே யோசனையாகிவிட்டது.

சாயங்காலம் ஏசுதாசனோடு பாலங்களைப் பார்க்கப் போனேன். ஒவ்வொரு பாலத்திலும் அவர் சட்டையைக் கழற்றிவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கி, உத்தரங்களைக் கம்பியால் குத்திப் பார்க்கிறார். கூலியாட்களை அனுப்பினால் ஆகாதா என்று கேட்டேன்.

"முன்னெல்லாம் அனுப்புவேன் வேலு" என்றார். "ஒரு மழைக்காலத்துல கங்காணி வந்து பாலம் நல்லாருக்குன்னான். நானும் மேல அப்படியே சொல்லிட்டேன். அவன் பார்க்கல. நானும் பார்க்கல. மறுநாள் பலகை முறிஞ்சு மாட்டுவண்டி வாய்க்காலுக்குள்ள இறங்கிருச்சு. வண்டிக்காரன் கால் போச்சு. இன்னும் மூவார் சந்தையில உக்காந்து வெத்தல விக்கிறான்." சற்று நேரம் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அன்னையிலேருந்து எங்க வீட்ல பார்க்காதத யாரும் அடிச்சுச் சொல்றதில்ல."

திரும்பி வந்தபோது கிரேஸ் அம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தார். மறுநாள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"மூவார் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அண்ணே. சலோமிய அங்க விடுதியில சேர்க்கலாம்னு இருக்கோம். பன்னெண்டு முடிஞ்சா புதுசா எடுக்கமாட்டாங்க. அவளுக்கு அடுத்த மாசம் முடியுது."

இவ்வளவு நாள் நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது என்றேன்.

"என்கிட்ட இருந்தது தீர்ந்துபோச்சு அண்ணே. நான் படிச்ச ஏழாவது புத்தகத்த அவ போன மாசமே முடிச்சுட்டா. இப்ப அவ கேக்கறதுல பாதிக்கு எனக்குப் பதில் தெரியல. நாளைக்கு எடுக்கலைன்னா அவ படிப்பு இதோட நின்னுரும்." இதைச் சொல்லும்போது மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணி பஸ்ஸில் ஐந்து பேரும் புறப்பட்டோம். நானும் என் பெட்டியை எடுத்துக்கொண்டேன், மாலைக் கப்பலில் திரும்பிவிடலாம் என்று. சலோமி கஞ்சி போட்ட வெள்ளைக் கவுனில், கசங்கிவிடக்கூடாதென்று சீட்டின் விளிம்பில் உட்கார்ந்து வந்தாள். பள்ளிக்கூடம் ஆற்றங்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மரத்தாழ்வாரத்தோடு கூடிய நீளக் கட்டடம். விடுமுறை நாளானபடியால் வகுப்புகள் காலியாக இருந்தன. தலைமையாசிரியை மிஸ் ஞானம் மலாக்காவில் பிறந்து வளர்ந்த தமிழர், ஐம்பது வயதிருக்கும். ஓவர்சியருக்கு வேறு நாளில் லீவு கிடைக்காது என்பதற்காகவே அன்று வரச் சொல்லியிருந்தார்.

எங்களைப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, சலோமியை மேசைக்கு முன்னால் நிறுத்தினார். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். தடங்கல் இல்லை. பின்னக் கணக்கு ஒன்று கொடுத்தார். தலையைச் சொறியக்கூட அவகாசம் எடுக்காமல் போட்டாள். கிரேஸ் அம்மாள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"கங்கை எங்கம்மா பிறக்குது?"

"இமயமலையில டீச்சர். கேள்விப்பட்டேன்."

மிஸ் ஞானம் நிமிர்ந்து பார்த்தார். "மூவார் ஆறு எங்க போய் விழுது?"

"மலாக்கா நீரிணையில. பார்த்தேன் டீச்சர்."

விஷயம் விளங்கிவிட்டது போலும், மிஸ் ஞானத்தின் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. இன்னும் நாலைந்து கேள்வி கேட்டார். பிறகு, முடித்துவிடும் பாவனையில் பேனாவை எடுத்துக்கொண்டே, "சரி, உலகத்தைப் படைச்சது யாரு?" என்றார்.

சலோமி திரும்பித் தகப்பனாரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"கடவுள்" என்றாள். பிறகு மெதுவாக, "கேள்விப்பட்டேன் டீச்சர்."

நான் அவர்கள் வேதத்தைச் சேர்ந்தவன் அல்ல. ஆனாலும் அந்த இடத்தில் அந்தச் சொல் எப்படி விழுந்தது என்பது எனக்கும் புரிந்தது. கிரேஸ் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். மிஸ் ஞானம் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீ ஜெபம் பண்றது உண்டா?"

"உண்டு டீச்சர்."

"கேள்விப்பட்டவர்கிட்டயா?"

"ஆமா."

"எதை நம்பிப் பண்றே?"

சலோமி யோசித்தாள். "அம்மா ஜெபம் பண்ணிட்டு எந்திரிக்கிறப்போ முகம் வேற மாதிரி ஆயிருக்கும். உக்காரும்போது இருந்த முகம் இருக்காது." கொஞ்சம் நிறுத்தி, "அத நான் பார்த்திருக்கேன்" என்றாள்.

மிஸ் ஞானம் ஏசுதாசனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பிள்ளை நல்லாப் படிச்சிருக்கு. ஆனா அடுத்த வாரம் பாதிரியார் வருவாரு. புதுசா சேர்ற ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் இதே கேள்வியக் கேப்பாரு. கடவுள்னு ஒரு வார்த்தையோட நிறுத்திக்கச் சொல்லுங்க. மத்தத நான் பார்த்துக்கிறேன்."

ஏசுதாசன் மகளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். வாசல் பக்கம் இருந்ததால் பேச்சு என் காதில் விழுந்தது.

"பாதிரியார் கேட்டா கடவுள்னு மட்டும் சொல்லும்மா. பொய் இல்லயே."

"நிறுத்திட்டா, நான் பார்த்தேன்னு அவரு நினைச்சுக்குவாரே அப்பா."

"நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும்."

சலோமி அடம் பிடிக்கவில்லை. தகப்பனார் சொல்லிவிட்டால் அப்படியே செய்துவிடுவாள் என்று அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. ஏசுதாசன் கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரே ஒரு சொல், இதற்கா இந்த மனிதர் பெண்ணின் படிப்பைப் பணயம் வைப்பார் என்று நினைத்தேன். அவர் உள்ளே வந்து மேசைக்கு முன்னால் நின்றார்.

"நான் சொன்னா அவ சொல்லிருவா டீச்சர். ஆனா அப்படிச் சொல்லுன்னு சொல்ல என்னால முடியல. நான்தான் அவளை இப்படி வளர்த்தேன். இப்ப நானே மாத்திச் சொன்னா, இனிமே நான் எது சொன்னாலும் அவ யோசிப்பா." பிறகு மனைவியின் பக்கம் பார்க்காமலே, "மன்னிச்சுக்கோ கிரேஸ்" என்றார்.

ரூத், மலாய்க்காரப் பிள்ளைகளைப் போல, ஐயோ என்பதற்குப் பதில் "அலமாக்" என்று முணுமுணுத்தாள்.

மிஸ் ஞானம் பேனாவை மறுபடியும் எடுத்தார்.

"பிள்ளையோட முழுப்பேர் சொல்லுங்க."

தகப்பனார் வாய் திறப்பதற்குள் சலோமியே சொன்னாள்.

"இந்தக் கேள்விய நானும் எத்தனையோ பிள்ளைங்ககிட்ட கேட்டாச்சு" என்று எழுதிக்கொண்டே சொன்னார் மிஸ் ஞானம். "கடவுள்னு எல்லாரும் டக்குன்னு சொல்லிருவாங்க. ஏன்னு கேட்டா எவளும் தன் அம்மாவக் காட்டினதில்ல. பாதிரியார்கிட்ட நான் பேசிக்கிறேன். திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்ததும் ஏசுதாசன் எங்களைக் காயல்பட்டணத்தார் கடைக்கு அழைத்துப் போய், ஆளுக்கு ஒரு தட்டுச் சோறும் கறியும் வாங்கித் தந்தார். நாற்காலியை ஆட்டிப் பார்க்க மறந்துவிட்டார் என்பதைக் கல்லாக்காரர் எனக்கு ஜாடை காட்டினார். எனக்கு ஏசுதாசன்மேல் இருந்த எரிச்சல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

நான்கு மணிக்குத் துறைக்கு வந்தோம். தண்ணீர் ஏறினால்தான் கப்பல் கிளம்பும் என்றார்கள். காத்திருந்தபோது என் ஊரை நினைத்தேன். நான் குடியிருக்கும் சிங்கப்பூர்த் தெருவில் மூன்று பள்ளிக்கூடங்களின் மணி கேட்கும். காலையில் பிள்ளைகள் ஓடுவதும் மாலையில் ஓடிவருவதும் தெரியும். நடுவே என்ன நடக்கிறது என்று அவர்கள் வீட்டில் யாரும் கேட்டு நான் அறிந்ததில்லை. இங்கே ஒரு தாய் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டு, மேலே கொடுக்க ஆள் தேடி ஒன்பது மைல் வந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமைப் பயணம் முடியும்போது ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டுமாம், அதுவரை பார்க்காமல் அன்றைக்கு முதன்முதலாகப் பார்த்தது எதுவோ அது. துறைப் பலகைமேல் உட்கார்ந்தபடி கிரேஸ் அம்மாள் வழக்கம்போலக் கேட்டார். காலியான வகுப்பில் பல்லி ஒன்று கரும்பலகைமேல் ஓடியதைப் பார்த்தேன் என்றாள் ரூத். அப்பா தயங்கியதைப் பார்த்தேன் என்றாள் சலோமி. ஏசுதாசன் சிரித்துவிட்டு, மிஸ் ஞானத்தின் கையெழுத்து என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

"நீ என்னம்மா பார்த்தே?" என்றாள் ரூத். அம்மாவை யாரும் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது.

"நான் ஜெபம் பண்றப்ப கண்ண மூடிக்குவேன்ல" என்றார் கிரேஸ் அம்மாள். "இத்தன வருஷமும் இவ எதிர்ல உக்காந்து என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கா. அது எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு."

சலோமியை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். கஞ்சி போட்ட வெள்ளைக் கவுன் முழுவதும் கசங்கிப் போயிற்று.