தப்பு எங்களுடையது என்று சொன்ன அறக்கட்டளை

அந்த வருடம் கோடை மழை முன்னாலேயே வந்துவிட்டது. மூன்று நாள் காற்றும் மழையும் விடவில்லை. பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் மாந்தோப்பில், பறிக்க ஒரு வாரம் இருந்த காய்களில் பாதி தரையில் கிடந்தது. கீழே விழுந்து அடிபட்ட காயை வியாபாரி தொடமாட்டார். என் கணவர் தோப்பைச் சுற்றிவிட்டு வந்து, "வண்டி வாடகைக்கே கட்டாது. உட்டுரு, மண்ணுக்கு உரமாகட்டும்" என்றார்.

எனக்கு விட மனம் வரவில்லை. எங்கள் தெருவில் இருந்த ஐந்து பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டேன். காயைப் பொறுக்கிப் பழுக்கவைத்து, அடிபட்ட இடத்தை வெட்டி எறிந்து, மீதியைத் துண்டு போட்டு மொட்டைமாடியில் வெள்ளைத் துணி விரித்துக் காயவைத்தோம். வானம் மூடிய நாட்களில் பூஞ்சை பிடித்தது போக, ஒரு பகுதி நன்றாகவே காய்ந்து வந்தது. தின்று பார்த்தோம். வெயில் ஏறிய பழத்துக்கு ஒரு தனி இனிப்பு இருந்தது. அடுத்த வருடம் வானத்தை நம்பாமல் ஒரு மெஷின் வாங்கிவிடலாம் என்று பேச்சு எழுந்தபோதுதான், அந்த அறக்கட்டளையைப் பற்றி யாரோ சொன்னார்கள்.

பாலக்காடு போகிற வழியில் ஒரு பழைய அரிசி மில். அதுதான் அலுவலகம். மில்லின் சொந்தக்காரருக்குப் பிள்ளைகள் இல்லை. மில்லை மூடியபோது கட்டடத்தையும், அதைச் சுற்றியிருந்த கடைகளையும் கிடங்குகளையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்துவிட்டார். இந்த மலைத்தொடரை ஒட்டிய விவசாயிகள் தாங்கள் விளைவிப்பதைத் தாங்களே பண்டமாக்கி விற்றுப் பிழைக்க உதவ வேண்டும், அவ்வளவுதான் பத்திரத்தில் இருந்த நோக்கம். வருகிற வாடகை அதற்குத்தான். நான் அவரைப் பார்த்ததில்லை. அலுவலகத்தில் அவர் படமும் கிடையாது. மாட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

நாங்கள் ஆறு பேரும் விண்ணப்பத்தோடு போனோம். எங்கள் பக்கம் அதை அபேக்ஷை என்றுதான் சொல்வோம். அங்கே செக்ரட்டரியாக இருந்தவர் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். மின்சார வாரியத்தில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி. சம்பளம் வாங்காமல் தினமும் பஸ்ஸில் வந்து போவார். எங்கள் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கொண்டுபோயிருந்த பொட்டலத்தைப் பிரித்தார்.

"நன்னா இருக்கே. எங்கே ஒணக்கினேள்?"

"மாடியிலதானுங்க மேடம். மழை வந்தா அள்ளிட்டு ஓடுவோமுங்க."

"அள்ளிண்டு ஓடினவா ஆறு பேரும் வந்திருக்கேளா?"

வந்திருக்கிறோம் என்றோம். அவர் சிரித்தார். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். இடம் யாருடையது, கரண்ட் வருமா, ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் பார்ப்பது, யாரிடம் விற்பீர்கள். சிலவற்றுக்கு எங்களிடம் பதில் இல்லை. அவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, யோசித்துவிட்டு வரச் சொன்னார். மூன்றாம் முறை போனபோது மெஷினுக்கு ஒப்புதல் கிடைத்தது.

தெற்கே தேனி மலையில், போடிமெட்டுப் பக்கம் ஏலக்காய் விவசாயிகள் குழு ஒன்றுக்கு அறக்கட்டளை ஏற்கெனவே ஓர் உலர்த்தும் மெஷின் கொடுத்திருந்தது. அங்கே அது பிரமாதமாக ஓடியது. அதே மெஷினை எங்களுக்கும் செக்ரட்டரி ஆர்டர் செய்தார். அலமாரி மாதிரி, உள்ளே தட்டுத் தட்டாகக் கம்பி வலை. வந்து இறங்கிய நாளில் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தோம்.

முதல் பறிப்பில் நாலு நாள் விடாமல் வேலை செய்தோம். கதவைத் திறந்து தட்டை வெளியே இழுத்தோம். ஒவ்வொரு துண்டின் அடியிலும் கட்டம் போட்ட நோட்டுத் தாள் மாதிரி கறுப்புக் கோடுகள். வாயில் போட்டால் துருப்பிடித்த ஆணியின் சுவை. எங்களில் ஒருத்தி, "நாம கழுவறப்ப என்னமோ தப்புப் பண்ணிட்டமுங்கக்கா" என்று அழ ஆரம்பித்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கொடுத்த மெஷினைக் கெடுத்துவிட்டோம், திருப்பி எடுத்துப் போய்விடுவார்கள் என்று பயந்துகொண்டே போன் செய்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் செக்ரட்டரி வந்தார். ஒரு துண்டைத் தின்றார். இன்னொன்றையும் தின்றார். தட்டை வெயிலில் தூக்கிப் பிடித்து வலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்க தப்பு ஒண்ணும் இல்லை, கேட்டேளா. வலை இரும்பு. ஏலக்காய்க்குச் சரி. ஈரமும் புளிப்பும் இருக்கற பழத்துக்கு ஆகாது. நான் என்ஜினீயர், நேக்குத் தெரிஞ்சிருக்கணும். யோசிக்காம ஆர்டர் பண்ணிட்டேன். என் தப்பாக்கும்."

நான் எத்தனையோ அலுவலகப் படிகள் ஏறியிருக்கிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து இந்த வார்த்தையை அதுவரை கேட்டதில்லை. "காப்பி குடிக்கறீங்களா மேடம்?" என்று கேட்டேன். குடித்தார்.

எங்கள் வீட்டு வாசலில் சொன்னதோடு அவர் விட்டுவிடவில்லை. வருடத்துக்கு ஒரு முறை எல்லாக் குழுக்களும் மில்லில் கூடும். அன்று எழுந்து நின்று, மாம்பழக் குழுவின் ஒரு பறிப்பு முழுக்க வீணானதற்கு அறக்கட்டளைதான் காரணம் என்று நடந்ததை அப்படியே சொன்னார். அறக்கட்டளைக் கமிட்டிக்காரர் ஒருவர் போதும் என்பது போல் கையைக் காட்டினார். செக்ரட்டரி நிறுத்தவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து போடிமெட்டு ஏலக்காய்க் குழுவின் தலைவர் எழுந்தார்.

"மேடம், எங்களுக்கு ஒரு போன் போட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்போம்ல. போன வருசம் எங்க வீட்டுப் பொம்பளைக அதுல நெல்லிக்காயக் காயப்போட்டு எல்லாம் கருகருன்னு ஆயிப்போச்சு."

"அதை ஏன் நேக்கு சொல்லலை?"

"நீங்க கேக்கலையே மேடம்! ஏலக்காய் காயுதான்னு மட்டுந்தேன் கேட்டீக."

கூடம் முழுக்கச் சிரித்தது. அதிகமாகச் சிரித்தது செக்ரட்டரிதான். அன்றைக்கே இரண்டு விதிகள் எழுதப்பட்டன. எந்தக் குழுவுக்கும் எதையும் கொடுக்குமுன் அதே பொருளை வைத்திருக்கும் பழைய குழுவிடம் கேட்க வேண்டும். கமிட்டியில் ஒருவராவது விண்ணப்பித்தவர்களோடு ஒரு நாள் முழுக்க அவர்கள் செய்கிற வேலையைச் செய்ய வேண்டும்.

இரண்டாவது விதிப்படி முதலில் வந்தவரும் செக்ரட்டரியே. துருப்பிடிக்காத எஃகுத் தட்டுகள் வந்த பிறகு, ஒரு காலையில் சேலையைச் செருகிக்கொண்டு எங்களோடு பழம் சீவ உட்கார்ந்தார். சீவிய தோலோடு பாதிச் சதை போய்க்கொண்டிருந்தது. "மேடமுங்க, எங்க ஊட்டு மாட்டுக்கு இன்னிக்கு விருந்துங்க" என்றாள் எங்களில் இளையவள். அவர் கத்தியை வைத்துவிட்டு அவள் சீவுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி எடுத்தார். சாயங்காலத்துக்குள் தோல் கொஞ்சம் மெலிந்திருந்தது. அந்த வருடம் கல்பாத்தித் தேர்த் திருவிழாவுக்குப் பொட்டலம் போட்டுக் கொண்டுபோனோம். இரண்டாம் நாளே விற்றுத் தீர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு சில வருடங்கள் கழித்து என்னைக் கமிட்டியில் சேரச் சொன்னார்கள். கமிட்டியில் இருப்பவரின் குழுவுக்கு அவர் இருக்கும்வரை எந்த உதவியும் கிடையாது என்பது விதி. என் கணவர் அதைத்தான் முதலில் கேட்டார். "நீ போனா மத்தவிங்களுக்கு நட்டம்தானே?" குழுவில் சொன்னேன். "நமக்கு வேணுங்கறது வந்தாச்சுங்கக்கா. போயிட்டு வாங்க" என்றார்கள்.

சேர்ந்ததும் செக்ரட்டரி பழைய மினிட்ஸ் புத்தகங்களைப் படிக்கக் கொடுத்தார். ஒரு வாரம் படித்தேன். தொடக்க வருடங்களில் தனித்தனி ஆட்களுக்கு மோட்டாரும் மருந்தடிக்கும் கருவியும் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நாளில் பலதும் கைமாறிப் போயிருக்கிறது. அதனால்தான் குழுக்களுக்கு மட்டும் என்று மாற்றியிருக்கிறார்கள். ஒரு தேங்காய் எண்ணெய்ச் செக்கு ஏன் நின்றுபோனது என்பதற்கு நாலு பக்கம். நன்றாக ஓடியவற்றுக்கு நாலே வரி. எங்கள் கறுப்புக் கோடுகளுக்கும் மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். படித்தபோது ஏனோ பெருமையாக இருந்தது.

என் முதல் வேலையே போடிமெட்டுப் பக்கம்தான். தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்யும் பதினோரு பெண்கள், குத்தகைக்குக் கொஞ்சம் இடம் பிடித்து ஏல நாற்றும் மிளகுக் கொடியும் வளர்த்து விற்க விரும்பினார்கள். கமிட்டியில் சிலர் தயங்கினார்கள். பத்திரத்தில் விவசாயி என்று இருக்கிறது, இவர்கள் கூலிக்கு வேலை செய்பவர்கள், சொந்த நிலம் கிடையாது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நிலமில்லாதவர் எப்படி விவசாயி என்று நினைத்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன்.

அது அவர்களுக்கு விடுமுறை நாள். மண்ணையும் மணலையும் சாணி எருவையும் கலந்து பைகளில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். நான் ஒரு பை நிரப்புவதற்குள் பக்கத்தில் இருந்த பெண் நாலு நிரப்பிவிட்டாள். என் பையை வாங்கி அமுக்கிப் பார்த்தாள்.

"அக்கா, இம்புட்டு இறுக்காதீக. வேரு மூச்சு விடணும்ல."

பேசிக்கொண்டே வேலை செய்தாள். எந்தச் சரிவில் எந்தக் கொடி ஏறும், எந்த மரத்து நிழல் ஏலத்துக்கு ஆகாது, இலை வெளுத்தால் என்ன அர்த்தம் என்று. இன்னும் மூன்று வருடத்தில் அவளுக்கு ஓய்வு. ஓய்வு பெற்றால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"அப்புறம் எங்க போறதுன்னு தெரியலக்கா. செடியத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த பையை எடுத்தாள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நான் வாழ்க்கையில் முதல்முறையாக எழுந்து நின்று பேசினேன். "எங்ககிட்ட நெலம் இருக்கறதால விவசாயிங்கறீங்க. செடியப் பத்தி அவிங்களுக்குத் தெரிஞ்சதுல பாதிகூட எனக்குத் தெரியாதுங்க" என்றேன். செக்ரட்டரி பத்திரத்தை எடுத்து அந்த வாக்கியத்தை மெல்லப் படித்தார். "நிலம்னு ஒரு வார்த்தை இதுல இல்லை. பாத்துக்கோங்கோ" என்று எல்லோர் பக்கமும் நகர்த்தினார். இருவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. மற்றவர்கள் கை தூக்கினோம். நிலமில்லாதவர்களுக்கு அறக்கட்டளை கொடுத்த முதல் உதவி அது.

எல்லாம் உடனே சுபமாக நடந்துவிடவில்லை. முதல் தொகுதி நாற்றில் பெரும்பகுதி அழுகிப்போனது. தண்ணீர் தேங்கிவிட்டது. அதையும் மினிட்ஸில் எழுதினோம். அந்தப் பெண்கள் நாற்று மேடையை உயர்த்தி, வடிகால் வெட்டி, மறுபடி ஆரம்பித்தார்கள். இரண்டாம் தொகுதி தளிர்விட்டது.

செக்ரட்டரி தன் காலம் முடிந்ததும் விலகிக்கொண்டார். பிரிவு விழா வேண்டாம் என்றார். சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வழக்கமான பஸ்ஸில் போனார். நாங்கள் சாலைவரை கூடப் போனோம், அவ்வளவுதான். இப்போதும் சந்தேகம் வந்தால் போன் செய்வேன். பதில் சொல்லுமுன் மூன்று கேள்வியாவது கேட்பார்.

போன மாதம் போடிமெட்டுக்கு மறுபடி போனேன். பக்கத்து இடத்தையும் குத்தகைக்குச் சேர்த்திருந்தார்கள். லயத்தைக் காலி செய்த இருவர் நாற்றங்காலை ஒட்டியே வாடகை வீடு எடுத்திருந்தார்கள். நாலைந்து ஜீப்புகள் நாற்று ஏற்ற நின்றிருந்தன. அந்த இருவரில் ஒருத்தியான, எனக்குப் பை நிரப்பச் சொல்லிக்கொடுத்த பெண், யாருக்கு எத்தனை என்று சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பக்கத்தில் வந்து என் தோளைப் பிடித்து நகர்த்தினாள்.

"வாங்கக்கா. செத்த ஓரமா நில்லுங்க, வண்டி பின்னால வருது."