ஊமை என்று சொன்னோம்

என் தங்கையை ஊமை ஆக்கியது அப்பாதான். அவள் ஊமை இல்லை. காலையில் கண் விழித்ததிலிருந்து வாய் ஓயாது. ஆனால் அந்தப் பேச்சு எதுவும் அவளுடையது இல்லை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவுவதையும், கோர்ட்டு வாசலில் டவாலி மூன்று தரம் ஆளைக் கூப்பிடுவதையும், பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையையும் அதே குரலில், அதே இழுப்போடு சொல்வாள். சாப்பிட்டியா என்று கேட்டால் சாப்பிட்டியா என்பாள். பசி எடுத்தாலும் சாப்பிட்டியா என்றுதான் சொல்வாள். யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். அதற்கு ஆட்டிசம் என்று ஒரு பெயர் இருப்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. ஐம்பதுகளில் எங்கள் தெருவில் அதற்கு இருந்த பெயர்களை இங்கே எழுத எனக்கு மனசில்லை.

அப்பா மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நகல் குமாஸ்தா. அச்சுக் கோர்த்த மாதிரி கையெழுத்து. தெருவில் புத்தி பிசகித் திரிகிறவர்களைப் போலீஸ் பிடித்து மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தலாம் என்று அப்போது ஒரு சட்டம் இருந்தது. டாக்டர் ஒரு பார்வை பார்ப்பார், உத்தரவு போடுவார்கள், ஆளைப் பட்டணத்து மனநோய் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவார்கள். அந்த உத்தரவை நல்ல பிரதி எடுப்பது அப்பாவின் வேலை. ஒரு நாள் சாயங்காலம் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அனுப்பிய ஒரு பெண், மாஜிஸ்திரேட் கேட்ட கேள்வியையெல்லாம் அவருக்கே திருப்பிச் சொன்னாளாம். பேர் என்ன என்று கேட்டால் பேர் என்ன என்றாளாம். தேடிக்கொண்டு யாரும் வரவில்லையாம்.

"ஊமையைப் புடிக்கறதுக்குச் சட்டத்துல எடம் இல்ல. இனிமே வெளியில இவ ஊமை" என்று அப்பா சொன்னார்.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். அவளை வெளியே அழைத்துப் போகும்போதெல்லாம் அவள் வாயில் ஒரு கமர்கட்டைப் போட்டுவிடுவோம். கரையக் கரைய அடுத்ததைப் போடுவது என் பொறுப்பு. கமர்கட்டு தீர்ந்துபோனால் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்துவேன். கடிப்பாள். எனக்குக் கோபம் வரும், கிள்ளியும் வைப்பேன். யாராவது கேட்டால் பாவம் ஊமை என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்வேன். கேட்டவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். அந்த உச்சுக்கொட்டல் எங்களுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

மாசி மகத்தன்று மகாபலிபுரம் கடலில் முழுக்குப் போட்டால் அவளுக்குப் பேச்சு நேராகும் என்று அம்மா நேர்ந்துகொண்டாள். அப்பாவுக்கு இஷ்டமில்லை. கூட்டம் இருக்கும் இடத்தில் போலீஸும் இருக்கும் என்றார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கடைசியில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் நாலு பேரும் நின்றுகொண்டே போனோம். எனக்கு வயது பதின்மூன்று, அவளுக்கு ஒன்பது.

கரையெங்கும் தலை. முழுக்கெல்லாம் நல்லபடியாக முடிந்தது. அம்மா புடவையைப் பிழிய, அப்பா வேட்டியை மாற்ற, அவள் கை என் கையில் இருந்தது. நான் வளையல் கடையைப் பார்த்தேன். பொய் சொல்வானேன், கையை விட்டுவிட்டுத்தான் பார்த்தேன். சிவப்பில் ஒன்றும் பச்சையில் ஒன்றும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அவள் இல்லை.

அவளைக் காணோம் என்று கத்தினேன். முதலில் கடலைத்தான் பார்த்தேன். அப்பா கடலைப் பார்க்கவில்லை. தூரத்தில் சவுக்குக் கட்டையில் கீற்றுப் போட்டிருந்த போலீஸ் கொட்டகையைப் பார்த்தார்.

மூன்று பேரும் கரையோடு போய் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கேட்டோம். ஒன்பது வயசு, பச்சைப் பாவாடை, ஊமைப் பொண்ணு. எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பார்க்கவில்லை என்றார்கள். கொட்டகையில் போய்ச் சொல்லலாம் என்று அம்மா கெஞ்சினாள். போய்ச் சொன்னால் அவர்களே தேடிப் பிடித்துவிடுவார்கள் என்று அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்தார். கண்டுபிடிக்கத்தானே தேடுகிறோம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை, வளையல் கடை விஷயம் வெளியே வந்துவிடுமே என்ற பயம். மணல் காலைச் சுட்டது. அலை ஒவ்வொரு தரம் திரும்பிப் போகும்போதும் பச்சையாக ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். செத்துப் போயிருந்தால் அப்பா என்னை அடிப்பாரா, அடிக்க மாட்டாரா என்றுகூட யோசித்தேன். அந்த வயதில் பயம் அப்படித்தான் கண்டபடி ஓடும்.

உச்சி சாய்ந்த பிறகு, வலை காய்ந்துகொண்டிருந்த இடத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன். எங்களை இரண்டு தரம் பார்த்துவிட்டதாகச் சொன்னாள்.

"நீங்க ஊமைன்னு தேடிக்கினு போறீங்கன்னு கம்முனு இருந்துட்டேன் கண்ணு. பச்சைப் பாவாடை கட்டிக்கினு ஒரு பொண்ணு காத்தாலயே இங்க வந்துச்சு. கண்டக்டர் மாதிரி கூவிக்கினே இருந்துச்சு. போலீஸ்காரரு இட்டுகினு போய்ட்டாரு. அது ஊமை இல்லியே."

நான் அப்பாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா காத்திருக்கவில்லை. கொட்டகையைப் பார்த்து ஓடினாள். அப்புறம்தான் அப்பா எழுந்தார்.

அவள் மூலையில் ஈரப் பாவாடையோடு உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த ஏட்டு அப்பாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். வாரா வாரம் கோர்ட்டுக்குக் காகிதம் கொண்டுவருகிறவர். அப்பா தன் பெண் என்றதும் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"இன்னா சார் இது, ஊமைப் பொண்ணத் தேடுறீங்கன்னுதானே கரையில சொன்னாங்க. இது பேசுது. கேட்டதையே திருப்பிச் சொல்லி நக்கல் பண்ணுது. காகிதம் எழுதியாச்சு. நாளைக்கு உங்க மேசைக்குத்தான் வரும்."

பிறகு அவளிடம் குனிந்து இவர் யார் என்று கேட்டார். இவர் யார் என்றாள் அவள். அப்பாவின் பக்கம் திரும்பக்கூட இல்லை. அம்மா அவளை இழுத்து அணைக்கப் போனாள். அவள் அம்மாவின் கையைக் கடித்துவிட்டு வீறிட்டாள். பெற்றவளைக் கடிக்குமா என்று ஒரு போலீஸ்காரர் கேட்டார். அன்றைக்கு அவள் எங்களுடையவள் என்று சொல்ல உலகத்தில் ஒரு சாட்சியும் இல்லை. அவள் போய்விட்டாள் என்றே நான் முடிவுகட்டிவிட்டேன்.

அப்பா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஊமைன்னு சொன்னது பொய். அவ பேசுவா. பதில் சொல்லத்தான் தெரியாது. உங்களுக்கெல்லாம் பயந்துகினுதான் அப்படிச் சொன்னேன்" என்றார். காதுக்குப் பின்னால் தழும்பு இருக்கும், கஞ்சி கொட்டியது என்றார். ஏட்டு அவள் முடியை ஒதுக்கிப் பார்த்தார். இருந்தது.

ஏட்டு எழுதி வைத்திருந்த காகிதத்தை நாலாகக் கிழித்தார். அதற்குப் பதிலாக அப்பாவிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். என் பொறுப்பில் வைத்துக்கொள்கிறேன், வெளியே நடமாட விடமாட்டேன் என்று அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருடைய எழுத்து அவ்வளவு கோணலாகப் போய் நான் பார்த்ததில்லை.

"இன்னொரு தபா மாட்டுச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது சார்" என்றார் ஏட்டு. அதில் மிரட்டல் இல்லை. அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் கடலையும் பார்க்கவில்லை, பஸ் ஸ்டாண்டையும் பார்க்கவில்லை. ஏட்டு கோர்ட்டுக்கு வரும் நாளில் அப்பாவுக்குச் சோறு இறங்காது. கதவைத் தாழ் போட்டால் அவள் திறந்துவிடுவாள். அம்மா பழைய புடவையைக் கிழித்துப் பட்டையாக மடித்து, அவள் கணுக்காலில் சுற்றி, இரும்புக் கட்டிலின் காலோடு கட்டப் பார்த்தாள். முடிச்சு நிற்கவில்லை. நான் வாங்கிக் கட்டினேன். அவளால் அவிழ்க்க முடியாத முடிச்சு எனக்குத் தெரிந்திருந்தது. தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் கட்டுவேன், சாயங்காலம் வந்து அவிழ்ப்பேன். போலீஸ் வரவே இல்லை. அவளைக் காப்பாற்றிவிட்டோம் என்று நாங்கள் மூன்று பேரும் மனசார நம்பினோம்.

எத்தனையோ வருஷம் கழித்து, ஊனமுற்றோருக்கான புதுச் சட்டம் பற்றிக் கருத்துக் கேட்கிறோம் என்று அதிகாரிகள் ஒரு கூட்டம் போட்டார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளோடு வாழ்ந்தவர்களில் ஒருத்தி என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பழைய சட்டம் எங்களை எப்படிப் பயமுறுத்தியது என்று காரசாரமாகப் பேசினேன். போலீஸ், மாஜிஸ்திரேட், ஆஸ்பத்திரி என்று ஒருவரையும் விடவில்லை. எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். வெளியே வந்ததும் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் தங்கை கொடுத்துவைத்தவள் என்றாள்.

கூட்டத்தில் சொல்லாத ஒன்றை அந்த அம்மாளிடமும் நான் சொல்லவில்லை. தங்கையைக் கட்ட ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் காலை புஸ்தகப் பையை வைத்துவிட்டுப் புடவைத் துணியை எடுத்துக்கொண்டு போனேன். அவள் கட்டிலண்டை போய்த் தரையில் உட்கார்ந்து, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, தானாகவே காலை நீட்டினாள்.