மூணாவது பீரியட்ல பேசிக்கலாம்

என் வீட்டம்மா கிளாடிஸ் சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சர். பால்காரர் ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தாகூட காரணம் கேப்பா. அவகூட குடித்தனம் நடத்துற இந்த ஃபிரெட்ரிக்குக்கு நீங்க ஒரு சிலை வைக்கலாம்.

ரெண்டு வருஷம் முன்னாடி தூத்துக்குடியிலேர்ந்து ஆண்ட்ரூ போன் பண்ணான். கிளாடிஸோட தங்கச்சி பிரிஸில்லாவோட பையன். "பெரியம்மா, என் பொண்ணுக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஞானஸ்நானம். நீங்கதான் ஞானத்தாய்." சரின்னு சொல்லி போனை வெச்சுட்டு அப்படியே உக்காந்துட்டா. அக்கா தங்கச்சிக்குள்ள ஏழு வருஷமா பேச்சே கிடையாது. அம்மாவை ஊர்லதான் அடக்கம் பண்ணணும்னு சின்னவ அழுதா. மெட்ராஸ்லயே பண்ணிட்டா பெரியவ. அதோட சரி. இப்பவும் கூப்பிட்டது பையன்தானே, அவ இல்லையே. "அவ மூஞ்சைத் திருப்பிக்கிட்டா நான் எங்கங்க போய் நிப்பேன்?"ன்னா.

எங்க ரெண்டு பேருக்கும் அதுதான் முதல் விமானம். எங்க சர்ச் பங்குல துபாய், சிங்கப்பூர் போய் வந்தவங்க ஒருத்தர் விடாம விசாரிச்சா. எல்லாரும் சொன்னது மீனம்பாக்கம் கதை. அதை வெச்சு தூத்துக்குடிக்கு டைம்டேபிள் போட்டுட்டா, நோட்டுல கோடு கிழிச்சு! முதல் பீரியட், விமானத்தடியிலேர்ந்து பஸ், இருபது நிமிஷம். ரெண்டாவது, நடை, அரை மணி. மூணாவது, பெட்டிக்குக் காத்திருத்தல், முக்கால் மணி. தங்கச்சிகிட்ட முதல்ல என்ன பேசுறதுன்னு அந்த மூணாவது பீரியட்லதான் யோசிக்கணுமாம். "இப்பவே யோசியேன்"னேன்.

"இப்ப யோசிச்சா அழுகை வருது, சும்மா இருங்க."

கிளம்பின கூத்தைக் கேக்காதீங்க. ஞானத்தாய் கொண்டு போற வெள்ளை உடுப்பு, மெழுகுவத்தி எல்லாம் கைப்பையில. கூடவே தீப்பெட்டி! செக்கிங்ல இருந்த பொண்ணு எடுத்துடுச்சு. "மெழுகுவத்தியை நீங்களா வந்து கொளுத்துவீங்க?"ன்னு கேட்டா பாருங்க, அந்தப் பொண்ணு சிரிச்சிடுச்சு.

தூத்துக்குடியில எறங்கினோம். கூட வந்தவங்க எல்லாம் விறுவிறுன்னு நடக்க, இவ மட்டும் ரெக்கை நிழல்ல நின்னா. நானும் நின்னேன், வேற வழி? ஊழியர் ஒருத்தர் ஓடி வந்தார்.

"என்னம்மா நிக்கீங்க?"

"பஸ்ஸுக்கு."

"பஸ்ஸா? அன்னா தெரியுதுல்லா, அதாம்மா ஏர்போர்ட்டே."

எண்ணி ரெண்டு நிமிஷ நடை. உள்ளே கல்யாண மண்டபம் சைஸுல ஒரு ஹால். நாங்க போறதுக்குள்ள பெட்டி வந்து எங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கு. கிளாடிஸ் முகம் வெளிறிப் போச்சு. "மாதாவே! ஏங்க, நான் இன்னும் ஒண்ணும் யோசிக்கலையே! கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்."

நாற்காலி தேடித் திரும்பினா, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பிரிஸில்லா! டைம்டேபிள்படி நாங்க வெளியே வர பத்தரை ஆகும்னு ஆண்ட்ரூகிட்ட சொல்லியிருந்தோம். மணி இன்னும் ஒன்பதுகூட ஆகலை. அவ ஏழு மணியிலேர்ந்து அங்கயே நிக்கிறான்னு அவன் அப்புறம்தான் சொன்னான்.

வெளியே வந்தோம். ரெண்டு பேரும் எதிரெதிரே. சின்னவ அக்கா கையிலேர்ந்து பெட்டியை வெடுக்குன்னு பிடுங்கினா.

"காலையில ஏதாவது சாப்பிட்டியாக்கா?"

கிளாடிஸ் இல்லைன்னு தலையாட்டினா. மீனம்பாக்கத்துல ரெண்டு இட்லி, ஒரு வடை, நான்தான் வாங்கிக் குடுத்தேன். நான் வாயே திறக்கலை.